நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு ஹிட்ச்

என் 1972 செவ்ரலே சி10 பிக்கப்பில் பம்பரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை மூடுகிற வளைந்த தகடான ரோல் பேன் போட்டிருக்கிறேன். டெயில்கேட்டிலிருந்து கீழ்வரை வழவழவென்று ஒரே பெயிண்ட். அதன் நடுவே ஓர் இரும்புக் குழாய் துருத்திக்கொண்டு நின்றால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் டெக்சாஸில் டிராக்டரை ஏற்றிப் போகிற 16 அடி டிரெய்லரையும் வைத்துக்கொண்டு, அதை வண்டியோடு இணைக்கிற ஹிட்ச் இல்லாமல் எத்தனை நாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் வண்டி கேட்பது? அதனால்தான் இந்த மறைவு ஹிட்ச்சை வாங்கினேன். நம்பர் பிளேட்டைக் கீழே மடக்கினால் உள்ளே, டிரெய்லரைத் தாங்கும் பந்து பொருத்திய தண்டைச் செருகுகிற 2 அங்குலக் குழாய், அதாவது ரிசீவர், தெரியும். நிமிர்த்திவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பொருள் கனமானது, வெல்டிங்கும் நேர்த்தி. சேசிஸின் இரண்டு பக்கச் சட்டத்தையும் பிடித்துக்கொள்கிற தட்டுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதிதாகத் துளை போட வேண்டிய இடங்கள் எல்லாம் சட்டத்தின் நெட்டுச் சுவரிலேயே வருகின்றன. மேல் கீழ் மடிப்பில் துளை போட்டால் சட்டம் பலவீனமாகும். அந்தத் தப்பை இவர்கள் செய்யவில்லை.

எரிச்சல் வந்தது போல்ட்டில். விளம்பரத்தில் கிரேடு 8 என்று போட்டிருந்தது (கிரேடு என்பது போல்ட்டின் வலுவைச் சொல்லும் எண், கூடினால் வலுவும் கூடும்). உதவிக்கு வந்த மச்சினன் ஒரு போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அத்தான், தலையில மூணு கோடுதான் இருக்கு" என்றான். மூன்று கோடு என்றால் கிரேடு 5. கிரேடு 8-க்கு ஆறு கோடு இருக்க வேண்டும். விற்றவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. கடைக்குப் போய் அரை அங்குல கிரேடு 8 போல்ட்டுகளை நானே வாங்கி வந்தேன். அன்றைய சனிக்கிழமை அதோடு போயிற்று.

வயரிங்தான் இனிய ஆச்சரியம். இந்த வண்டியில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பின்னால் ஒரே பல்புதான், டிரெய்லரிலும் அப்படியே. அதனால் இரண்டு சிக்னலையும் ஒன்றாக்கித் தருகிற கன்வெர்ட்டர் தேவையே இல்லை. செவ்ரலேக்காரர்கள் அன்றே போட்ட வயர் நிறமும் டிரெய்லர் பிளக்கின் நிறமும் ஒன்றே: இடப்பக்கம் மஞ்சள், வலப்பக்கம் பச்சை, டெயில் லைட் பழுப்பு. எர்த்துக்கான வெள்ளை வயரை மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு சேசிஸில் முடுக்கினேன்.

அப்புறம், ஹிட்ச்சில் 10,000 பவுண்டு என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது ஹிட்ச்சின் எண், ஐம்பது வயது வண்டியின் எண் அல்ல. டிராக்டரோடு என் டிரெய்லர் 3,000 பவுண்டு. அதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் ஹிட்ச்சின் பந்தின் மேல் உட்கார வேண்டும், அதாவது 300 முதல் 450 பவுண்டு. அதற்கே என் பின் காயில் ஸ்பிரிங் நன்றாகத் தாழ்ந்துவிட்டது. முன்னால் டிஸ்க் பிரேக் இருக்கிறது, பின்னால் டிரம்தான். இதற்கு மேல் பாரம் ஏற்ற எனக்குத் துணிவில்லை.

மடக்கும் கீலின் ஸ்பிரிங்கும் சொத்தை. நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் பிளேட் டக் டக்கென்று அடிக்கிறது. இப்போதைக்கு இரண்டு சிறிய காந்தங்களை ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை. ஒழுங்கான போல்ட் வந்திருந்தால் நான்கரை கொடுத்திருப்பேன்.