சீட்டா, கூழா?

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா முடிந்து, வெளிநாட்டுச் சொந்தங்கள் இன்னும் திரும்பாத கிழமை. விரதத்துக்கு மீன், இறைச்சி விலக்கிய வீடுகளில் நண்டு மறுபடி அடுப்பேறும் நேரம். வீடு முழுக்கப் பெரியவர்கள். பதினேழு வயதுக்குப் போக்கிடம் இரண்டு: விறாந்தையில் 304 சீட்டாட்டம், பின்வளவில் காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ்.

304-இல் கணக்குத் தெரிந்தால் போதும், வயதை யாரும் பார்ப்பதில்லை. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10. ராசாவுக்கும் ராணிக்கும் வெறும் 3, 2. ஆனால் நாலு பேர் மேசை என்றால் நாலு பேர்தான். துரும்புச் சீட்டை மாறி இறக்கினால் சித்தப்பா வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்.

கூழுக்கு எத்தனை பேரும் சேரலாம். பலாக்கொட்டை உரிக்க, பயற்றங்காய் முறிக்க, ஊறிய ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றக் கை வேண்டும். நண்டும் இறாலும் கொதிக்கும்போதுதான் மாமிமார் வாய் திறப்பார்கள்: அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்தது, பெரியம்மா சைக்கிளோடு கிணற்றடியில் விழுந்தது. “படிப்பு எப்பிடிப் போகுது?” என்று தொடங்கினால், “மாமி, புளி காணுமோ?” என்று கேளுங்கள். கதை மாறிவிடும்.

வாய்க்காரருக்குச் சீட்டு சரி. கூச்சக்காரருக்குக் கூழ்தான். அப்புறம், பனையோலைப் பிளாவில் முதல் வார்ப்பும் உதவிக்கு நின்றவருக்கே.