மேல் கொத்மலையா, விக்டோரியாவா: மாலை ஆறரைக்கு எது கைகொடுக்கும்?

கொழும்பில் மாலை 6.30 முதல் 10.30 வரைதான் மின்சாரத்துக்கு உச்ச நேரம். அந்த நான்கு மணி நேரத்தைத் தாங்க மலைநாட்டு நீர்மின் நிலையங்களில் 150 மெகாவாட் மேல் கொத்மலையும் உண்டு, 210 மெகாவாட் விக்டோரியாவும் உண்டு. இரண்டின் குணமும் வேறு.

மேல் கொத்மலை மறிக்கும் கொத்மலை ஓயாவில் உள்ள சென்ட் கிளேயர் நீர்வீழ்ச்சியின் உயரம் 80 மீட்டர்தான். மேல் கொத்மலைக்குக் கிடைப்பதோ ஏறக்குறைய 473 மீட்டர் இறக்கம். தலவாக்கலையில் ஆற்றை மறித்து, கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் சுரங்கத்தால் நிலத்தடி மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஆற்றுத் தண்ணீர் சுரங்கத்தில் போக, நீர்வீழ்ச்சி இடையில் அகப்பட்டுக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு கன மீட்டர் தண்ணீரில் இங்கே ஓர் அலகுக்கு (கிலோவாட்-மணி) சற்று மேலாகவே மின்சாரம் எடுக்கலாம். சுமார் 190 மீட்டர் இறக்கமுள்ள விக்டோரியாவில் அரை அலகு தேறினால் பெரிது.

ஆனால் மேல் கொத்மலைக்குப் பெரிய சேமிப்பு இல்லை. பயன்படும் கொள்ளளவு 8 இலட்சம் கன மீட்டர். இரண்டு டர்பைனும் முழுவீச்சில் ஓடினால் நொடிக்கு 36 கன மீட்டர் போய்விடும். ஆறு மணி நேரத்தில் குளம் காலி. உச்ச நேரத்துக்கு அது போதும். மழைக்காலத்தில்தான் சிக்கல்: சின்னக் குளம் சட்டென நிரம்பும், வான்கதவைத் திறந்தால் அந்தத் தண்ணீர் இங்கே மின்சாரமாகாமலே போகும். தேயிலைச் சரிவுகளிலிருந்து வரும் மண்ணும் இந்த அளவுக் குளத்தைச் சீக்கிரம் தின்னும்.

நீர்வீழ்ச்சிக்காகப் பகலில் பத்தரை மணி நேரம் திறந்துவிட ஒப்புக்கொண்ட தண்ணீர் நாளுக்கு 47,250 கன மீட்டர். மின்சாரமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 55,000 அலகு; மாதம் 90 அலகு எரிக்கும் 18,000 வீடுகளின் ஒருநாள் தேவை. அதுவும் முழு நட்டமல்ல. அதே தண்ணீர் கீழே கொத்மலை நீர்த்தேக்கத்தில் விழுந்து, அங்குள்ள 201 மெகாவாட் நிலையத்தைச் சுழற்றும். எங்கள் பார்வையில் கொடுக்க வேண்டிய விலைதான்.

விக்டோரியாவின் பலம் பொறுமை. 122 மீட்டர் உயர வளைவு அணைக்குப் பின்னால் 72 கோடி கன மீட்டர் நிற்கிறது. வரத்தே இல்லாவிட்டாலும் ஒன்றரை மாதத்துக்கு மேல் தாங்கும். மார்ச்சில் வானம் பொய்த்தால் மேல் கொத்மலை நாளுக்குச் சில மணி நேரம்தான் ஓடும். அப்போது பார்க்க வேண்டியது விக்டோரியாவின் நீர்மட்டத்தை. ஆனால் அந்தத் தண்ணீர் மின்சாரத்துக்கு மட்டும் சொந்தமில்லை. ஆற்றில் இன்னும் கீழே உள்ள மினிப்பே அணைக்கட்டுக்குக் கீழே வயலுக்கு எப்போது, எவ்வளவு வேண்டும் என்பதையும் பார்த்துத்தான் திறப்பார்கள். கொழும்பின் மாலை நேரத்தை மட்டும் வைத்து அல்ல.