அக்கா மகனுக்காக இணையத்தில் நிதி திரட்டினோம்: இரண்டு வருட அனுபவம்

தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்த என் அக்கா மகனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தது. தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்க அக்காவே முன்வந்தாள். ஆபரேஷன் செலவில் பெரும்பகுதியை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. பிறகெதற்கு நிதி திரட்டல் என்று நிறையப் பேர் கேட்டார்கள்.

தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் ஆபரேஷன். கடலில் பாசி எடுத்துச் சம்பாதிக்கும் அக்காவும் வேலைக்குப் போக முடியாது, அவனும் போக முடியாது. மதுரையில் மருத்துவமனைப் பக்கத்திலேயே மாதக்கணக்கில் வாடகைக்குத் தங்க வேண்டும். பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை ஆயுசுக்கும் போட வேண்டும், ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். எங்கள் கைக்காசில் விழுந்த இந்தச் செலவுக்காகத்தான் ஆறு லட்சம் என்று இலக்கு வைத்தோம். அதைத் தாண்டியே வந்தது. ஆபரேஷனுக்கு மட்டும் கணக்குப் போடுபவர்கள் அதற்குப் பிந்தைய ஒரு வருடச் செலவையாவது சேர்த்துப் போடுங்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் நேரம் பார்ப்பது ரொம்ப முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணத் தொகையை வைத்து வீட்டை ஓட்டுகிறவர்களிடம் அப்போது எப்படிக் கை நீட்டுவது? தடை முடிந்து படகுகள் இறாலோடு கரை திரும்பிய பிறகே இணையத்தில் நிதி திரட்டும் பக்கத்தைத் திறந்தோம். கூட வேலை பார்த்த பையன்கள் முதலில் போட்டார்கள், பிறகு படகு முதலாளி, அப்புறம் எங்கள் சர்ச் பங்கு மக்கள். கையில் கொடுக்க வந்தவர்களிடமும், ‘லிங்க் வழியாவே போடுங்கண்ணே, உங்க பேரு அதுல தெரியணும்’ என்று கேட்டுக்கொண்டேன். சொந்த ஊர்க்காரன் ஒருத்தன்கூடப் போடாத பக்கத்தில் முகம் தெரியாதவர் ஏன் போடுவார்? ஊர்ப்பணம் ஒரு லட்சத்தை எட்டிய பிறகுதான் வெளியூர்ப் பணம் வேகம் பிடித்தது.

போட்டோ விஷயத்தில் பெரிய விவாதமே நடந்தது. டியூப் மாட்டிய படம்தான் எடுபடும் என்று சொன்னார்கள். ‘மாமா, அந்தப் படம் வேணாம், என்னைப் பாத்தாப் படகுக்காரனாத் தெரியணும்’ என்றான் அவன். வலையை மடியில் போட்டு அறுந்த கண்ணிகளைப் பின்னிக்கொண்டிருக்கும் பழைய படத்தை வைத்தோம். அதோடு அக்கா பேசிய ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு. ‘எம்புள்ளைக்கு நான் குடுக்குறேன், மாத்திரைக்கு மட்டும் நீங்க கை குடுங்க.’ அவ்வளவுதான் பேசினாள். கீழக்கரைக்காரர்களின் துபாய், குவைத் குரூப்கள் வரைக்கும் அது போனது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் அங்கிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் குறுக்கே வரும், கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பணம் கட்டும் இடத்தில் பல நிதி திரட்டும் தளங்கள் ‘டிப்’ என்று தங்களுக்கான ஒரு தொகையைத் தாங்களே சேர்த்துக் காட்டும். அதைக் குறைக்கலாம், எடுத்தும் விடலாம். நூறு ரூபாய் போடுகிற மீனவனுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று லிங்க் அனுப்பும்போதெல்லாம் கூடவே எழுதினேன். தனி ஆளுக்குக் கொடுப்பதற்கு நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகை கிடையாது என்பதையும் எழுதினேன்.

பக்கம் பரவியதுமே மோசடி அழைப்புகள் வந்தன. ‘ஐம்பதாயிரம் போடுறேன், நான் அனுப்புற ரிக்வெஸ்டுக்கு உங்க யுபிஐ பின் நம்பரைப் போடுங்க’ என்றான் ஒருவன். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. அக்காவின் போனை வாங்கி நானே வைத்துக்கொண்டேன்.

காப்பீடு போக மீதி மருத்துவமனைக் கட்டணம் தளத்திலிருந்து நேராக மருத்துவமனைக்கே போனது. மீதியைத் தனிக் கணக்கில் போட்டு, மாத்திரைக்கு மட்டும் எடுக்கிறோம். மாதாமாதம் மருந்துக்கடை பில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட், கையிருப்பு மூன்றையும் பக்கத்தில் ஏற்றுகிறேன். இந்த வேலையை நான் உயிராக மதிக்கிறேன். போன வருடம் போட்டவர்களில் சிலர், கேட்காமலேயே இந்த வருடமும் போட்டார்கள்.

போன வாரம் தொண்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்து, பக்கம் தொடங்கித் தரச் சொன்னது. மாதக் கணக்கை யார் எழுதுவீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். பிளஸ் டூ படிக்கும் மகள் எழுதுவாளாம். செலவு எவ்வளவு ஆகும் என்று மருத்துவமனை தரும் எஸ்டிமேட் கடிதம் கைக்கு வந்ததும் தொடங்குகிறோம்.