கேனான் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம்: டெப்த் ஆஃப் ஃபீல்டைக் கையில் தரும் லென்ஸ்

2015-இல் வந்த இந்தச் சின்ன லென்ஸின் எடை 160 கிராம்தான். கேமராவுடன் சேர்ந்து வரும் கிட் லென்ஸை விட்டு வருகிறவர்களுக்குத் தயங்காமல் இதையே சொல்வேன்.

ஃபுல் ஃபிரேம் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 2 மீட்டரில் ஆளை நிறுத்தி, லென்ஸின் துளை முழுதாகத் திறந்த எஃப்/1.8-இல் எடுத்தால், முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் பகுதி, அதாவது டெப்த் ஆஃப் ஃபீல்ட், ஏறக்குறைய 17 செ.மீ. துளையைச் சுருக்கி எஃப்/4-க்குப் போனால் 38 செ.மீ. அதே எஃப்/1.8-இல் 1 மீட்டருக்கு நெருங்கிப் பாருங்கள், 4 செ.மீ.தான் மிஞ்சும்: முன்கண் கூர்மை, காது மங்கல். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் பின்கண்ணும் போய்விடும். அதனால் சிங்கிள் பாயிண்ட் ஃபோக்கஸை முன்கண்ணில் வைத்து, எஃப்/2.8-இல் எடுங்கள். விளிம்புகளில் தெரியும் ஊதா, பச்சைக் கசிவும் அங்கே வெகுவாகக் குறைகிறது.

சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி கேமராவில் பின்னணி குறைவாக மங்குவதாகப் புகார் வருவதுண்டு. அதே ஃபிரேமிங்குக்கு 2 மீட்டரிலிருந்து 3.2 மீட்டர் தூரத்துக்குப் பின்னால் போக வேண்டியிருப்பதால் தெளிவான பகுதியின் ஆழம் 28 செ.மீ. ஆகிறது. காரணம் தூரம், லென்ஸ் அல்ல. ஆளைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினால் பின்னணி நன்றாகவே கரையும்.

வீடியோவுக்குத்தான் சிக்கல். ஃபோக்கஸ் வளையம் மோட்டார் வழியே இயங்குகிறது. தூர அளவுகோலும் கிடையாது. குறி போட்டு ஃபோக்கஸ் புல் செய்ய (படம் ஓடும்போதே ஃபோக்கஸை ஒரு தூரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த) இது உதவாது. வெயிலில் 1/50 விநாடி ஷட்டரில் எஃப்/1.8 வேண்டுமென்றால் ஒளியை 7 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாதியாக) குறைக்கும் 49 எம்எம் என்டி ஃபில்டரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.