சில்லர் சென்சர் வயரிங்: எது எந்தப் பக்கம் பொய் சொல்லும்?

சில்லர் என்றால் கட்டட ஏசிக்கு நீரைக் குளிரவைக்கும் மெஷின். அந்த நீர் எத்தனை பாகை என்று அதற்குச் சொல்வது சென்சர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. சில்லரின் சூட்டை நீரால் வெளியேற்றும் கூலிங் டவரில் அதை விட்டால் சுண்ணாம்பு படிந்துவிடும். அதனால் நான் வேலை செய்யும் கட்டடங்களில் பெரும்பாலும் காற்றால் குளிரும் சில்லர்தான். மெஷின் மொட்டை மாடியில் இருக்கும், பம்பும் பொதுக் குழாயும் கீழே இருக்கும். இரண்டு சில்லர் சேர்ந்து ஓடும் இடத்தில் அந்தப் பொதுக் குழாயின் நீர் வெப்பநிலையை மேலே கொண்டுபோகும் வயரை நாம்தான் இழுக்க வேண்டும். 60 மீற்றர் சாதாரணமாக வந்துவிடும்.

எந்த சென்சர் போடுவது என்று கேட்டால் பலரும் துல்லியத்தைத்தான் முதலில் பேசுவார்கள். கடற்கரையை ஒட்டிய நம் ஊரில், பழுதானால் எந்தப் பக்கம் பிழையாகக் காட்டும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

முதலில் வயரின் நீளம். 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 60 மீற்றர் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 3 ஓம் தடை சேரும். பிடி 100 என்ற பிளாட்டினம் சென்சரின் தடை ஒரு பாகைக்கு 0.385 ஓம்தான் மாறும். இரண்டு வயரில் கட்டினால் 7 பாகைக்கும் மேல் பிழை வரும், அதைக் கழிக்க மூன்றாவது வயர் கட்டாயம். தடை பத்து மடங்கான பிடி 1000 என்றால் முக்கால் பாகை பிழை. அதை சில்லரை இயக்கும் கொன்ட்ரோலரில் ஒருமுறை திருத்திக்கொள்ளலாம். சூடு கூடக் கூடத் தடை குறையும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 7 பாகை நீரில் அதன் தடை 23 கிலோ ஓம் அளவில் இருக்கும், பாகைக்கு 1,000 ஓமுக்கும் மேல் மாறும். விலையும் குறைவு. இதோடு நிறுத்தினால் தெர்மிஸ்டர்தான் வெற்றி.

ஆனால் உப்புக் காற்று இருக்கிறதே. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரத்தில் ஒரு கட்டடத்தில், கார்த்திகை மழைக்குப் பிறகு, பனலில் நீர் 7 பாகை என்று காட்டிக்கொண்டிருந்தது. குழாயில் தெர்மாமீற்றரை விட்டுப் பார்த்தால் 5ஐ ஒட்டி நின்றது. சென்சரை மாற்றினேன், புதியதும் அதையே காட்டியது. பிறகு இரண்டு முனையிலும் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரு வயருக்கும் இடையே மீற்றரை வைத்தேன். ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில் 200 கிலோ ஓம் அளவு காட்டியது. இடையில் இருந்த சந்திப்புப் பெட்டியைத் திறந்தால் டெர்மினல் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கேபிள் மேல் பக்கத்தால் உள்ளே போயிருந்தது, நீர் புகாமல் கேபிளை இறுக்கும் கிளாண்டும் இல்லை.

அந்த ஈரக் கசிவு தெர்மிஸ்டருக்குப் பக்கவாட்டில் இன்னொரு தடையாக நிற்கிறது. மொத்தத் தடை குறைகிறது. தெர்மிஸ்டருக்குத் தடை குறைந்தால் சூடு கூடியதாகப் பொருள். எனவே கொன்ட்ரோலர் ‘நீர் இன்னும் சூடு’ என்று நம்பி கொம்பிரசரை மேலும் ஓட்டும். மின்சாரக் கட்டணம் ஏறும், நீர் உறைநிலைப் பக்கம் நகரும், கட்டடத்தில் ஒருவரும் முறைப்பாடு சொல்ல மாட்டார்கள். எனக்குப் பயம் இதில்தான்.

இதே கசிவு பிடி 1000இல் வந்தால் கதை நேர் எதிர். அதற்குத் தடை குறைந்தால் குளிர் கூடியதாகப் பொருள். 1.3 பாகை அளவு குறைத்துக் காட்டும், சில்லர் சற்றுச் சோம்பும், அறை சூடு என்று மறுநாளே தொலைபேசி வரும். பிழை அளவும் சிறியது, அகப்படுவதும் சுலபம். கடலோரத்தில் நீள ஓட்டத்துக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால், விலை கூடினாலும் நான் பிடி 1000 பக்கம். மெஷின் அருகிலேயே முடிந்துவிடும் ஐந்தாறு மீற்றர் ஓட்டத்துக்குத் தெர்மிஸ்டர் தாராளமாகப் போதும், நடுவில் மூட்டு மட்டும் வேண்டாம்.

டிரான்ஸ்மிற்றர் என்ற சிறு கருவி சென்சரின் அளவை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் 4 முதல் 20 மில்லி அம்பியர் லூப் இன்னும் ஒரு படி மேல். வயர் நீளம் அதைப் பாதிக்காது. வயர் அறுந்தால் மின்னோட்டம் 4க்குக் கீழே விழும், அது பழுது என்று கொன்ட்ரோலருக்கு உடனே தெரியும். அளவை வோல்ட்டாக அனுப்பும் 0 முதல் 10 வோல்ட்டில் அந்த வசதி இல்லை. அறுந்த வயரும் உண்மையான பூச்சியமும் ஒன்றுபோலவே தெரியும், பக்கத்தில் இன்வேர்ட்டரால் வேகம் மாற்றும் பம்ப் ஓடினால் மின் இரைச்சலையும் வாங்கும். நீள ஓட்டத்துக்கு நான் அதை எடுப்பதில்லை. லூப்பின் குறை இடிமின்னல். மாடிக்கும் தரைக்கும் இடையே ஓடும் வயரில் ஒரு அடி விழுந்தால் வெறும் சென்சரைவிட டிரான்ஸ்மிற்றரின் இழப்பு பெரிது. இரண்டு முனையிலும் திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சேர்ஜ் பாதுகாப்பு போடும் செலவையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

எதை எடுத்தாலும் சில விஷயங்கள் மாறாது. ஈயம் பூசிய செப்பு வயர், கீழ்ப்பக்கத்தால் நுழையும் கேபிள், ஒரே முனையில் மட்டும் எர்த் செய்த ஷீல்ட் (வயரைச் சுற்றிய உலோக உறை), 230 வோல்ட் வயரிலிருந்து பிரித்த தனி வயர்க் குழாய்.

சரி, கருவிகள் தமக்குள் தரவு பரிமாறும் மொட்பஸ்? இரண்டே வயரில் அழுத்தம், மின்னோட்டம், அலாரம் எல்லாம் வந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, இரு கோடியிலும் 120 ஓம் போட்டால் ஒழுங்காக ஓடும். கண்காணிப்புக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் நீர் ஓடுகிறதா என்று பார்க்கும் புளோ சுவிட்சை அதன்வழி அனுப்பாதீர்கள். தொடர்பு அறுந்தால் சில கொன்ட்ரோலர்கள் கடைசியாகக் கேட்ட செய்தியையே பிடித்துக்கொண்டிருக்கும். பம்ப் நின்ற பிறகும் ‘நீர் ஓடுகிறது’ என்றால் நீர் குளிரும் பகுதியான எவப்பரேற்றர் உறைந்து வெடிக்கலாம். புளோ சுவிட்சுக்குத் தனியாக இரண்டு வயர், நீர் ஓடும்போது மூடும் தொடுகை, நேராகச் சில்லரின் டெர்மினலுக்கு. கட்டி முடித்ததும், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்பை நிறுத்திப் பாருங்கள். அடுத்த முறை பம்ப் ஓட, சுவிட்சின் ஒரு வயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். இரண்டு முறையும் சில்லர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கு அதை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.