கையடக்க கைகர் கவுண்டர்: கூடங்குளம் கேள்விக்கு இது பதில் சொல்லுமா?

சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டால் மதுரைக்கே கூரியரில் வந்துவிடுகிறது இந்தக் கதிர்வீச்சுமானி. வாங்குவோர் மனதில் இருப்பது பெரும்பாலும் கூடங்குளம்: அங்குள்ள அணு உலையின் கதிர்வீச்சு நம் உடல்நலத்தைக் கெடுக்குமா என்ற கேள்வி. கருவி நல்ல கருவிதான். ஆனால் அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

உள்ளே இருப்பது கதிர்களை எண்ணும் ஜே305 அல்லது எம்4011 வகைக் கண்ணாடிக் குழாய், ஏறக்குறைய 400 வோல்ட்டில் ஓடுவது. கதிர்வீச்சு வகைகளில் காமாவும் வலுவான பீட்டாவும் பதிவாகும். ஆல்பா கண்ணாடியைத் தாண்டாது. உலையிலிருந்து தண்ணீரில் வெளியேறும் டிரிட்டியத்தின் (கதிரியக்க ஹைட்ரஜன்) பீட்டாவும் மிகப் பலவீனமானது, குழாய்க்குள்ளேயே நுழையாது. ஆகவே குடத்துத் தண்ணீருக்கும் கடல் மீனுக்கும் மேலே இதைப் பிடித்துப் பார்த்து "சுத்தம்" என்று சொல்ல முடியாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

திரையில் வரும் எண்ணை உடனே நம்பாதீர்கள். சாதாரண வீட்டில் நிமிடத்துக்கு 20 எண்ணிக்கை (குழாயில் பதிவான கதிர்கள்) வருகிறது என்றால், அடுத்த நிமிடம் 13 வரும், அதற்கடுத்து 28 வரும். கதிரியக்கச் சிதைவின் இயல்பே அதுதான். 30 நிமிடம் ஓடவிட்டு மொத்தத்தை 30ஆல் வகுத்தால் பிழை 4 சதவீதத்துக்கு இறங்கும். ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வையுங்கள். நேர் வெயில் கூடாது. சில கண்ணாடிக் குழாய்கள் வெயில் பட்டாலே பொய்யாக எண்ணும், மதுரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். வேலை செய்கிறதா என்று பார்க்க உரக்கடைப் பொட்டாஷ் ஒரு கிலோ போதும். பொட்டாசியத்தில் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு, பாக்கெட்டை ஒட்டி வைத்தால் எண்ணிக்கை தெளிவாக ஏறும்.

நிமிடத்துக்கு 20 என்பதை, இந்தக் குழாய்க்கான மாற்று எண்ணான 154ஆல் வகுத்து, மணிக்கு 0.13 மைக்ரோசீவர்ட் என்று காட்டும். சீவர்ட் என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு; ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட். ஆண்டுக் கணக்கில் 1.1 மில்லிசீவர்ட். இங்கேதான் பலர் பதறுகிறார்கள், பொதுமக்களுக்கான வரம்பே 1 மில்லிசீவர்ட் ஆயிற்றே என்று. அந்த வரம்பு இயற்கைக் கதிர்வீச்சுக்கு மேல் கூடுதலாக வருவதற்கு மட்டும். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பதித்த தரையில் எண் இன்னும் கூடலாம். பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம்தான் காரணம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் மோனசைட் மணலில் (தோரியம் கலந்த கடற்கரை மணல்) பல மடங்கு தாவும். அந்த எண்ணைப் படம்பிடித்து அணு உலையின் கணக்கில் எழுதுவது தவறு.

மறுபக்கமும் உண்டு. உலை ஆண்டுக்கு 10 மைக்ரோசீவர்ட் கூட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 0.2 எண்ணிக்கைகூட ஆகாது. வேலியோரம் நின்றாலும் இந்தக் கருவிக்குத் தெரியாது. எண் ஏறவில்லை என்பதால் உடல்நலக் கேள்வி தீர்ந்துவிடாது.

அந்தக் கேள்விக்குப் பதில் நோய்ப் பதிவேடுகளில்தான் இருக்கிறது. 2007இல் வெளியான ஜெர்மன் ஆய்வு, 16 அணுமின் நிலையங்களின் 5 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்கு என்றது. வெளியான கதிர்வீச்சு அதை விளக்கப் போதாது என்றும் சொன்னது. 2011இல் பிரிட்டன் நிபுணர் குழு தங்கள் நாட்டில் அப்படிக் காணவில்லை என்றது. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். அங்கே ஏறக்குறைய 70,000 பேரைத் தொடர்ந்த ஆய்வில் அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கூடங்குளத்துக்குப் பக்கத்து இடிந்தகரைத் தாய்மாருக்கு இவற்றில் எதுவும் முழுப் பதில் ஆகாது. அவர்கள் ஊர்களின் பிறப்பு, புற்றுநோய், தைராய்டு விவரங்களை ஊர்வாரியாக, ஆண்டுவாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும். அதைக் கேட்பது அவர்கள் உரிமை.

பள்ளி, கல்லூரி ஆய்வகங்கள் தயங்காமல் வாங்கலாம். உலையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி மதுரையில் வீட்டுப் பாதுகாப்புக்கென்று வாங்கத் தேவையில்லை. கூடங்குளம் பக்கம் இருப்பவர்கள் வாங்கினால், இன்றே ஒரே இடத்தில் வைத்து மாதாமாதம் குறித்து வாருங்கள். நாளை ஏதாவது நடந்தால் ஒப்பிட அந்த நோட்டுதான் உதவும்.