ஜப்பான் பஞ்சு என்று தலையணைப் பஞ்சு வருகிறது, பார்த்துக்குங்க

இ-சிகரெட் கார்ட்ரிட்ஜுக்குள் அடைக்கிற பஞ்சு என்று சொல்லி, திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு பாக்கெட் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜிப் கவர், மேலே பச்சை ஸ்டிக்கர், "ஜப்பான் மருத்துவப் பருத்தி, கெமிக்கல் இல்லை" என்ற வாசகம். உள்ளங்கையில் அடங்குகிற பஞ்சுக்கு 450 ரூபாய், கூரியர் தனி. உள்ளே இருப்பது பருத்தியே இல்லை. வாங்கி ஏமாந்த பாக்கெட் என் மேஜை மேலேயே கிடக்கிறது.

என் மனைவியின் தம்பி இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவன். அங்கே கடையில் சட்டப்படி விற்கிற பொருள் என்பதால், சிகரெட்டை விடுவதற்கு இதைப் பிடித்துக்கொண்டான். பெட்டியோடு அதுவும் ஊருக்கு வந்துவிட்டது. பழைய மாடல். இப்போது வருகிறவற்றில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிற கம்பிச்சுருளும் பஞ்சும் சேர்ந்து ஒரே துண்டாக இருக்கும், தீர்ந்தால் அப்படியே கழற்றி மாற்றலாம். இவனுடையதில் கார்ட்ரிட்ஜ் என்பது ஒரு சின்னக் குழாய், அதற்குள் அடைத்த பஞ்சு, அந்தப் பஞ்சில் திரவம். நாளாக ஆகப் பஞ்சு கறுத்து, அமுங்கி, திரவம் மேலே ஏறாது. பிடுங்கிவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். அசல் பஞ்சு இங்கே எங்கே கிடைக்கும்? தேடினான், குரூப்பில் இந்த ஆள் மாட்டினார். பணம் மட்டும் என் போனிலிருந்து போனது.

பார்சல் வந்ததும் "மாமா, நீங்க பஞ்சு பார்க்கிற ஆள்தானே, இதைப் பாருங்க" என்று நீட்டினான். நான் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். விரலில் எடுத்ததுமே சந்தேகம். பருத்தியைப் பிய்த்தால் விரலோடு கொஞ்சம் ஒட்டி, தயங்கித்தான் பிரியும். இது வழுக்கிக்கொண்டு போனது, அமுக்கினால் துள்ளி எழுந்தது. தலையணைக்கு அடைக்கிற பாலியஸ்டர் நாரில் சிலிக்கோன் பூசியிருப்பார்கள், அமுங்கிப் போகாமல் புசுபுசுவென்று நிற்பதற்காக. அந்த வழுக்கல்தான் இது.

சரி, கைக்கு மட்டும் நம்பக் கூடாது என்று கம்பெனிக்கு எடுத்துப் போனேன். கொஞ்சம் பிய்த்து இடுக்கியில் பிடித்து லைட்டர் காட்டினேன். பருத்தியாக இருந்தால் சட்டென்று பற்றி, காகிதம் எரிகிற வாசனை வந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். இது நெருப்பைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கியது. அப்புறம் உருகிக் கரும்புகை கக்கியது. ஆறிய பிறகு இடுக்கி முனையில் கடுகு அளவுக்கு ஒரு கறுப்பு உருண்டை, நகத்தால் நசுக்கினாலும் நசுங்கவில்லை. எங்கள் ஊரில் கட்டிங் டேபிள் பையனைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவான், பாலியஸ்டர் என்று.

டம்ளர் தண்ணீரிலும் போட்டுப் பார்த்தேன். மெழுகு நீக்கி வெளுத்த மருத்துவப் பஞ்சு பத்து வினாடிக்குள் மூழ்க வேண்டும், மருந்து தரநூல்கள் வைத்திருக்கிற கணக்கே அதுதான். இது மறுநாள் காலையிலும் மிதந்துகொண்டிருந்தது. கலர் மேட்சிங் பெட்டிக்குள் வைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டால், நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தது. வெள்ளை கூட்டிக் காட்டச் சேர்க்கிற பிரைட்னர். ஸ்டிக்கரில் "கெமிக்கல் இல்லை".

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பழைய கார்ட்ரிட்ஜ்களில் கம்பெனிக்காரர்களே அடைத்து அனுப்பியதும் பாலியஸ்டர் பஞ்சுதான். அதனால் பாலியஸ்டர் என்பதே குற்றம் இல்லை. அது திரவத்தைப் பிடித்துவைக்கிற இடத்தில், சூட்டுக்குத் தள்ளி இருந்தது. இந்த ஆள் பருத்தி என்று சொன்னதால், மாப்பிள்ளை மிச்சத்தைக் கம்பிச்சுருளை ஒட்டியும் திணித்துவிட்டான். பருத்தி என்றால் கருகும், கருகல் வாடை தொண்டையைப் பிடிக்கும், உடனே நிறுத்திவிடுவோம். பாலியஸ்டர் 250, 260 டிகிரி வாக்கில் உருகும். திரவத்தில் உள்ள கிளிசரின் கொதிப்பதே 290 டிகிரியில். பஞ்சு காய்ந்துபோய்ச் சுருள் வெறுமனே சூடேறினால் கேட்கவே வேண்டாம். உருகிய பிளாஸ்டிக்கும் சிலிக்கோனும் போகிற இடம் நுரையீரல்.

பூச்சு இருப்பதால் திரவத்தையும் இது சரியாகப் பிடிக்காது. அவன் சட்டைப் பாக்கெட்டெல்லாம் ஒழுகியது. நிகோடின் கலந்த திரவம் தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும் என்பது வேறு. இரண்டு இழுப்புக்கே இருமல், வாயில் டயர் எரிந்த ருசி. நல்லவேளை, அதோடு நிறுத்திவிட்டான்.

விற்றவருக்கு நானே போன் போட்டேன். குரல் நல்ல மரியாதையாகத்தான் இருந்தது.

"ஏனுங்க, பருத்தின்னு சொன்னீங்க, பாலியஸ்டர் வந்திருக்குதுங்களே?"

"அதெல்லாம் இல்லீங்ணா, ஒரிஜினல் ஜப்பான்ங்க. அடைக்கிற விதம் தெரியாம அடைச்சிருப்பீங்க."

"எரிச்சுப் பார்த்துட்டேனுங்க, உருகுது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "இதுல பிரீமியம் ஒண்ணு இருக்குதுங், எழுநூறு ரூபா, உங்களுக்காகக் கூரியர் ஃப்ரீயாப் போட்டுடறேன்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஏனுங்ணா, இந்தச் சாமானுக்குப் போய் எங்கீங்க கம்ப்ளெயிண்ட் குடுப்பீங்க?" என்று சிரித்தபடியே கேட்டு வைத்தார். அன்று சாயங்காலமே என் நம்பர் பிளாக்.

அந்த ஒரு கேள்வியில்தான் அவருடைய வியாபாரமே நிற்கிறது. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், அந்த ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டம். இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதன் பாகங்களும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. பில் கிடையாது, பணம் போன கணக்கு யாரோ ஒரு பெண் பெயரில், கூரியர் கவரில் அனுப்பியவர் முகவரி பாதி அழிந்திருக்கிறது. 1915க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் சொல்லப்போனால், என்ன வாங்கினீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். மாப்பிள்ளை வேண்டாம் மாமா என்று கையைப் பிடித்துக்கொண்டான். மிக்ஸிக்கு மட்டமான பிளேடு விற்றவனிடம் இப்படிப் பேச்சு வராது.

இதை எழுதினால் "வேறு எதை அடைக்கலாம்?" என்று கேட்டு வருவார்கள் என்று தெரியும். வெளிநாட்டில் ஆளாளுக்கு டீ பையின் தாள், மீன் தொட்டி ஃபில்டரின் நீல ஸ்பாஞ்சு என்றெல்லாம் அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் சூட்டுப் பக்கத்தில் வைத்து மூச்சில் இழுக்கச் செய்த பொருள் இல்லை. மில்லில் தெரிந்தவர் இருக்கிறார், நேராகப் பருத்தி வாங்கிக்கொள்கிறேன் என்று நினைக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். பல்லடம், உடுமலை பக்கத்து ஓப்பன் எண்ட் மில்களில், அதாவது மட்டப் பஞ்சிலிருந்தும் தடி நூல் நூற்கிற மில்களில், கழிவுப் பஞ்சும், பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி எடுத்த பாலியஸ்டர் நாரும் சேர்ந்தேதான் ஓடுகின்றன. சுத்தப் பருத்தியே கிடைத்தாலும், வெளுக்காததில் மெழுகு இருக்கும், திரவம் ஏறாது. நான் யாருக்கும் எதையும் சிபாரிசு செய்யப் போவதில்லை. விடுவதற்கு வழி தேடுகிறவர்களுக்கு 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது, அரசாங்கத்துடையது. மாப்பிள்ளை இப்போது டாக்டர் சொன்ன நிகோடின் சூயிங்கத்தை மென்றுகொண்டிருக்கிறான். முணுமுணுப்புத்தான், ஆனால் மெல்கிறான்.

போன வாரம் வேறொரு குரூப்பில் அதே ஜிப் கவரின் போட்டோ வந்தது. ஸ்டிக்கர் மட்டும் நீலம், "கொரியா பஞ்சு", விலை 600. பின்னால் தெரிகிற மஞ்சள் பூப்போட்ட மேஜை விரிப்பு அதேதான். அந்த விரிப்பைப் பார்த்தால் பணம் போடாதீங்க.